சிலம்பு கற்பிக்கும் குடிமை

மதுரை மாநகரின் கீழ்த்திசையில் அமைந்துள்ளது வண்டியூர். கீழ்த்திசை வாயில் வழியே கணவனோடு மதுரைக்குள் புகுந்த கண்ணகி, மேல்திசை வாயில் வழியே தனியளாய் வெளியேறியதைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. இவ்விரு வாயில்களுக்கும் இடையே நிகழ்ந்தவற்றில் குடிமக்களாகிய நமக்குப் பாடம் உண்டு.

கோவலன் செய்த குற்றம் யாது? ஏதுமில்லை. அவன் அயலூரான், கையில் ஒரு சிலம்பு இருந்தது, பொற்கொல்லன் பொய் உரைத்தான். அவனை அழைத்து வினவுவாரில்லை. அவன் பொருட்டுப் பேசுவாருமில்லை. ஆராயாது பிறந்த ஆணை அவன் உயிரைக் கவர்ந்தது.

1950 ஜனவரி 26 முதல் நடைமுறையிலுள்ள நம் அரசியல் சட்டம் இத்தகைய கொடுமைக்குத் தடை விதிக்கிறது. சட்டம் வகுத்த முறைப்படியன்றி எவருடைய உயிரையும் பறித்தலாகாது என்கிறது 21ஆம் பிரிவு. உள்ளூரார், அயலார் என்ற வேறுபாடு அதில் இல்லை. கைதானவருக்குக் காரணத்தை அறிவித்தல் வேண்டும். அவர் வழக்கறிஞரைக் கலந்துகொள்ள இடமளித்தல் வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் நீதி நடுவர் முன் அவரை நிறுத்துதல் வேண்டும். இவை 22ஆம் பிரிவு வகுத்த பொது விதிகள். ஏழைகளுக்கு இலவசச் சட்ட உதவி கிடைக்க வேண்டுமென 1976ஆம் ஆண்டுத் திருத்தம் வலியுறுத்தியது. அதனை நடைமுறைப்படுத்த 1987இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது.

கண்ணகி அழுது ஓய்ந்துவிடவில்லை. அரசவை புகுந்து, தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று கூறி, உடைத்தும் காட்டினாள். அரசியின் சிலம்பில் இருந்ததோ முத்து! பாண்டியன் தன் பிழையை மறைக்கவில்லை. அக்கணமே உயிர் துறந்தான். சான்றோடு வினவிய குடிமகளும், தவற்றை ஒப்புக்கொண்ட அரசும் நமக்கு முன்மாதிரி. இன்று நீதி கேட்போருக்கு 32ஆம் பிரிவு உச்ச நீதிமன்றத்தின் கதவையும், 226ஆம் பிரிவு உயர் நீதிமன்றத்தின் கதவையும் திறந்து வைத்துள்ளன. 2004 ஜூலை 24 முதல் உயர் நீதிமன்றக் கிளை மதுரையிலேயே இயங்குகிறது.

ஆயினும், மன்னன் மாண்ட பின்னரும் மதுரை எரிந்தது. முதியோரையும் குழந்தைகளையும் தீ தீண்டலாகாதென்று கண்ணகியே விலக்கினாள்; எனினும் நகர் அழிந்தது. காவியத்துக்குப் பொருந்தும் சினம் குடிமை வாழ்வுக்குப் பொருந்தாது. பொதுச்சொத்தைப் பேணி வன்முறையைக் கைவிடுதல் குடிமக்களின் கடமை என்கிறது 1976இல் சேர்க்கப்பட்ட 51-அ பிரிவு.

நம் தெருவில் அயலான் ஒருவனைச் சுட்டித் "திருடன்" என்று எவரேனும் கூவினால், உடனே பல கைகள் ஓங்குகின்றன. அவ்வேளையில் முன்வந்து, "விசாரித்தீர்களா?" என்று கேட்டு, அவனைக் காவலரிடம் ஒப்படைப்பவரே நற்குடிமகன். அக்கேள்வியைக் கேட்கும் துணிவை நம் பிள்ளைகளுக்கு இல்லத்திலேயே ஊட்டுவோமாக!