படத்தை அழகாக்க வேண்டாம், தெளிவாக்குங்கள்

நெற்பயிரில் ஏதோ புள்ளி தெரிகிறது. உடனே செல்பேசியில் படம் பிடித்து, உதவி வேளாண்மை அலுவலருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறீர்கள். அறுத்துப் போட்ட கதிர் மழையில் நனைந்தாலும், வலையில் எண்ணெய் படிந்தாலும் இன்று முதலில் செய்வது படம் எடுப்பதுதான். ஆனால், அப்படி வந்து சேரும் படங்களில் பல, பார்ப்பவருக்கு ஒன்றும் சொல்வதில்லை. சில இருட்டாக இருக்கின்றன. சில, ஃபில்டர் போட்டதால் பச்சை கூடிப் பளபளவென்று வருகின்றன.

படத்தைத் திருத்துவது தவறில்லை. எதைத் திருத்தலாம், எதைத் தொடக் கூடாது என்பது தெரிந்திருக்க வேண்டும். இதற்குக் கணினி வேண்டாம். காசு கொடுத்து எதுவும் வாங்கவும் வேண்டாம். செல்பேசியில் இருக்கும் கூகுள் ஃபோட்டோஸ் அல்லது இலவசமாகக் கிடைக்கும் ஸ்னாப்சீட் செயலியே போதும்.

எண்ணூர் சொல்லும் பாடம்

ஒரு படத்துக்கு எவ்வளவு பலம் உண்டு என்பதை வடசென்னைக் கரையோரம் இரண்டு முறை காட்டியிருக்கிறது. 2017 ஜனவரி 28 அதிகாலையில், எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெயால் பாதிப்பு எதுவும் இல்லை என்றே துறைமுகத் தரப்பு முதலில் சொன்னது. ஆனால், எர்ணாவூர் கரையில் எண்ணெய் கறுப்புக் கூழாக ஒதுங்கியது. அதை வாளிகளில் அள்ளியவர்களின் படங்கள் நாடெங்கும் பரவின. கசிவு இல்லை என்ற பேச்சு அதன் பிறகு எடுபடவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் பரவியது. மணலி சி.பி.சி.எல். ஆலை வளாகத்திலிருந்து அது வந்ததாகத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கூறியது. பத்திரிகைச் செய்திகளைப் பார்த்து, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. பாதிக்கப்பட்ட 2,301 குடும்பங்களுக்குத் தலா ரூ.12,500, 787 படகுகளைச் சீராக்கத் தலா ரூ.10,000 உள்ளிட்ட நிவாரணத்தைத் தமிழக அரசு அறிவித்தது.

இப்படிக் கணக்கெடுக்கும் நேரத்தில், கழுவித் துடைத்த படகைக் காட்டிப் பயனில்லை. கறை இருந்தபோது எடுத்த படம்தான் கைகொடுக்கும். மீஞ்சூர், பொன்னேரி பக்கம் நெல் போட்டவருக்கும் இதே நிலைதான். வெள்ளம் வடிந்த பிறகு வயல் பேசாது. அன்று எடுத்த படம் பேசும். அந்தப் படம் நம்பும்படி இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

மூலப் படம் விதைநெல் மாதிரி

செல்பேசியில் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத குறிப்பு ஒன்று பதிவாகிறது. எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த செல்பேசி என்ற விவரங்கள் அதில் இருக்கும். கேமரா அமைப்பில் இருப்பிடத்தைப் பதிவு செய்யும் வசதியை இயக்கி வைத்திருந்தால், எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையும் சேர்ந்துவிடும்.

இந்த மூலப் படத்தில் கை வைக்காதீர்கள். விதைநெல்லைத் தனியே எடுத்து வைப்பதுபோல அதைத் தனியே வையுங்கள். நகல் எடுத்து, நகலில் மட்டும் திருத்துங்கள். திருத்தி முடித்ததும் தனி நகலாகச் சேமிக்கும் வசதி செயலியில் இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். ஒரே நகலைத் திரும்பத் திரும்பத் திருத்திச் சேமித்தால் படத்தின் தரம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறையும். எனவே, வேறு திருத்தம் வேண்டுமென்றால் மூலப் படத்திலிருந்து புதிதாக ஒரு நகல் எடுப்பதே நல்லது.

செய்யக்கூடிய மூன்று திருத்தங்கள்

நிமிர்த்துவது: சாய்ந்த படத்தில் பயிர் சாய்ந்திருக்கிறதா, செல்பேசி சாய்ந்திருந்ததா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. தொடுவானம், மின்கம்பம், படகின் நீர்க்கோடு என ஏதாவது ஒன்றை அடையாளமாக வைத்துப் படத்தை நேராக்குங்கள்.

வெட்டுவது: தேவையில்லாத வானம், காலடி, பக்கத்தில் நிற்பவர் ஆகியவற்றை நீக்கலாம். ஆனால், செய்தியையே வெட்டிவிடக் கூடாது. தழைச்சத்துக் குறைவில் அடி இலைகள் முதலில் மஞ்சளாகும். இரும்புச்சத்துக் குறைவில் இளம் இலைகள் முதலில் வெளுக்கும். ஒற்றை மஞ்சள் இலையை மட்டும் வெட்டி அனுப்பினால், இரண்டில் எது என்று எந்த வல்லுநரும் சொல்ல முடியாது. முழுச் செடியும் தெரியும் படம் ஒன்று, இலையைக் கிட்டத்தில் காட்டும் படம் ஒன்று என இரண்டாக அனுப்புங்கள். படகு என்றால் எண்ணெய்க் கறையும் படகின் பதிவு எண்ணும் ஒரே படத்தில் இருக்க வேண்டும்.

வெளிச்சம்: இருட்டில் மூழ்கிய பகுதி கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மட்டும் வெளிச்சத்தைக் கூட்டுங்கள். அளவு மீறினால், முகத்துவாரத்தில் படிந்த சாம்பல் வெறும் மணல்போலத் தெரியும். கறுப்பு வெள்ளை வேறுபாட்டை ஏற்றினால், லேசான எண்ணெய்ப் படலமும் தார்போலத் தெரியும். எந்தப் பக்கம் மாறினாலும் அது பொய்தான்.

நிறத்தைத் தொடாதீர்கள்

பயிர் நோயை அடையாளம் காண்பதில் நிறம் முக்கியம். நெல்லில் குலைநோயின் புள்ளி, கதிர் நூற்கும் தக்களிபோல இரு முனையும் கூராக, நடுவில் சாம்பல் நிறமாக இருக்கும். செம்புள்ளி நோயின் புள்ளி முட்டை வடிவில் பழுப்பாக இருக்கும். ஃபில்டர் போட்டால் சாம்பலும் பழுப்பாகிவிடலாம். நோயை மாற்றிக் கணித்தால் மருந்தும் மாறும். செலவும் வீண், பயிரும் வீண்.

நிறம் சரியாக வர, எடுக்கும்போதே கவனியுங்கள். காலை 8 மணி முதல் 10 மணி வரை அல்லது மாலையில் வெயில் தணிந்ததும் எடுங்கள். உச்சி வெயிலில் எடுக்க நேர்ந்தால், குடை பிடித்து நிழலில் எடுங்கள். இலைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளும் ஒரு ரூபாய் நாணயமும் வையுங்கள். தாள் வெள்ளையாகத் தெரிந்தால் மற்ற நிறங்களும் ஏறக்குறைய சரி என்று வல்லுநர் அறிவார். புள்ளியின் அளவை நாணயம் சொல்லும். கேமராவில் ஜூம் செய்யாமல் பக்கத்தில் போய் எடுங்கள்.

அழிப்பதும் சேர்ப்பதும் கூடவே கூடாது

படத்தில் இருக்கும் ஆளையோ பொருளையோ விரலால் தடவி அழிக்கும் வசதி இன்று பல செல்பேசிகளில் வந்துவிட்டது. கல்யாணப் படத்துக்கு அது சரி. சேதப் படத்துக்குக் கூடாது. 2006 ஆகஸ்டில், பெய்ரூட் நகர் மீதான குண்டுவீச்சுப் படம் ஒன்றில் புகையைக் கூடுதலாகக் காட்டித் திருத்தியிருந்தது தெரிய வந்தது. ராய்ட்டர்ஸ் நிறுவனம் அந்தப் படத்தை மட்டும் நீக்கவில்லை. அந்தப் புகைப்படக்காரரின் 920 படங்களையும் விற்பனையிலிருந்து எடுத்துவிட்டது. குண்டு விழுந்ததும் உண்மை, புகை எழுந்ததும் உண்மை. கூட்டிக் காட்டியதால் மற்றப் படங்களையும் நம்ப ஆளில்லாமல் போயிற்று. உண்மையாகவே பாதிக்கப்பட்டவர்தான் இதில் அதிகம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

அனுப்பும்போது கவனிக்க

வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் படமாக அனுப்பினால் அதன் அளவு சுருங்கும். தேதி, இடம் பற்றிய உள்குறிப்பும் போய்விடும். அதே செயலியில் ஆவணமாக இணைத்து அனுப்பினால் மூலப் படம் அப்படியே போய்ச் சேரும். அலுவலகத்துக்கு அனுப்ப இதுவே சரியான வழி. முகநூல்போலப் பலரும் பார்க்கும் இடத்தில் போடுவதற்கு மட்டும் இருப்பிடக் குறிப்பு இல்லாத நகலைப் பயன்படுத்துங்கள்.

பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், அறுத்து வயலில் காயப் போட்ட பயிர் 14 நாட்களுக்குள் புயல் மழையில் சேதமடைந்தால், 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். வன விலங்குகளால் ஏற்படும் பயிர்ச் சேதமும், நெல் வயல் நீரில் மூழ்குவதும் 2026 காரீஃப் பருவம் முதல் காப்பீட்டில் சேரும் என்று 2025 நவம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம் அறிவித்தது. அவற்றுக்கும் 72 மணி நேரக் கெடு உண்டு. இடக்குறிப்புடன் கூடிய படங்களைக் காப்பீட்டுச் செயலியில் ஏற்ற வேண்டும்.

வழக்கு என்று வந்தால் இன்னும் கவனம் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63-வது பிரிவு, மின்னணுச் சாட்சியத்தோடு சான்றிதழ் இணைக்கச் சொல்கிறது. அந்தச் சான்றிதழில் கோப்பின் 'ஹாஷ்' எண்ணைக் குறிப்பிட வேண்டும். அது கோப்பின் கைரேகை மாதிரி. படத்தில் ஒரு புள்ளியை மாற்றினாலும் அந்த எண் மாறிவிடும். மூலப் படத்தை ஏன் தொடக் கூடாது என்பது இப்போது விளங்கும்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு

நூறு பேரின் படங்கள் உங்கள் செல்பேசியில் குவியும்போது, எது யாருடையது என்ற குழப்பம் வரும். தேதி, ஊர், புல எண், பயிர் என்ற வரிசையில் படத்துக்குப் பெயரிடுங்கள். மூலப் படங்களுக்கு ஒரு கோப்புறை, திருத்திய நகல்களுக்கு ஒரு கோப்புறை வைத்து, மாதம் ஒரு முறை கணினியிலோ பென்டிரைவிலோ ஏற்றிவிடுங்கள். திரூர் வேளாண் அறிவியல் நிலையம் போன்ற இடங்களுக்கு அனுப்பும்போது, திருத்திய நகல் என்றால் 'வெளிச்சம் மட்டும் கூட்டியது' என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரி படத்தின் மீது நம்பிக்கையைக் கூட்டும்.

அடுத்த மழைக்கு முன் செய்துவைக்க வேண்டியது ஒன்று உண்டு. செல்பேசியில் தேதியும் நேரமும் சரியா, இருப்பிடப் பதிவு இயங்குகிறதா, படத்துக்கு இடம் காலியாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பயிர் நன்றாக இருக்கும்போதே வயலை நான்கு பக்கமும் நின்று ஒரு முறை படம் எடுத்து வையுங்கள். சேதத்துக்கு முன் எப்படி இருந்தது என்று கேட்டால் காட்ட அதுதான் இருக்கும்.