வண்டிகளில் காவல் காமிரா: பொருத்தும் முறையும் மின்சாரம் ஊட்டும் வகையும்

விளைபொருள்களைக் களத்திலிருந்து சந்தைக்குக் கொண்டுசெல்வதும், உரம், கம்பி, தகடு முதலிய சாமான்களைப் பட்டணத்திலிருந்து கிராமத்துக்குக் கொண்டுவருவதும் இக்காலத்தில் பெரும்பாலும் லாரிகளாலும் டிராக்டர்களாலுமே நடைபெறுகின்றன. மிராசுதாரர்களில் பலர் சொந்தமாக லாரி வைத்திருக்கின்றனர். வண்டி ஓடிக்கொண்டிருக்கும் வரையில் அதில் ஆள் இருக்கிறான். ஆதலால் பயம் குறைவு. அது ஓரிடத்தில் நின்று, ஓட்டுநர் உணவுக்கோ உறக்கத்துக்கோ சென்ற பிறகுதான் டீசல், பாட்டரி, தார்ப்பாய், பாரம் ஆகியவற்றுக்கு ஆபத்து உண்டாகிறது. இதைத் தடுக்கும்பொருட்டு வண்டிகளில் காமிரா பொருத்தும் வழக்கம் பரவிவருகிறது. காமிராவைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் சிரத்தையை அதற்கு மின்சாரம் ஊட்டுவதிலும் காட்டாவிடில், களவைத் தடுக்க வைத்த கருவியே வண்டியைக் கிளம்ப விடாமல் நிறுத்திவிடும். இக்கட்டுரையின் முக்கிய விஷயம் இதுவே.

சாத்தாங்காட்டில் நிற்கும் லாரி

சென்னைக்கு வடக்கே, திருவொற்றியூருக்கும் மணலிக்கும் இடையே சாத்தாங்காடு இருக்கிறது. ஜார்ஜ் டவுனின் நெருக்கடியைக் குறைக்கும்பொருட்டுச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் இரும்பு, எஃகு வியாபாரத்துக்கென்று ஏற்படுத்திய அங்காடி இங்கேதான் உள்ளது. கட்டடக் கம்பி, கூரைத் தகடு, ஆங்கிள் இரும்பு முதலியன இங்கிருந்து வெளியூர்களுக்கு ஏற்றப்படுகின்றன. பக்கத்திலுள்ள மணலியில் 1966ஆம் ஆண்டில் நிறுவப்பட்டு 1971ஆம் ஆண்டில் உற்பத்தி தொடங்கிய சென்னை உரத் தொழிற்சாலை இருக்கிறது. அதன் ‘விஜய்’ யூரியாவை அறியாத விவசாயிகள் நம்மில் சிலரே. துறைமுகத்தை நாடும் கண்டெய்னர் லாரிகளும் இவ்வட்டாரத்துச் சாலைகளில் நீண்ட வரிசையாக நின்றுவந்தமை யாவரும் அறிந்ததே.

இவ்விதமான இடத்தில் பாரம் ஏற்ற வரும் லாரி ஓர் இரவாவது நிற்க வேண்டிவரும். விடுமுறை குறுக்கிட்டால் இரண்டு மூன்று நாட்களும் ஆகலாம். அறுவடைக் காலத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களின் வாயிலில் காத்திருக்கும் டிராக்டர்களின் நிலையும் இதுவே. எனவே சாத்தாங்காட்டு லாரிக்குப் பொருந்தும் முறை நம் கிராமத்து வண்டிகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

பொது வண்டிகளில் இவ்வேற்பாடு புதிதன்று. சென்னை மாநகரப் பேருந்துகளில் 2022ஆம் ஆண்டு முதல் நிர்பயா நிதியைக் கொண்டு காமிராக்களும் அபாயப் பொத்தான்களும் பொருத்தப்பட்டன. ருஷ்ய தேசத்தில் 2013ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் தேதி செல்யாபின்ஸ்க் நகரின்மேல் விண்கல் வெடித்த காட்சியை உலகம் கண்டதும் பெரும்பாலும் மோட்டார் வண்டிகளில் வைத்திருந்த காமிராக்களின் மூலமாகவேயாம்.

மின்சாரக் கணக்கு

டிராக்டரிலும் சிறு வண்டிகளிலும் 12 வோல்ட் பாட்டரி ஒன்று இருக்கும். கனரக லாரிகளில் இரண்டு 12 வோல்ட் பாட்டரிகளை வரிசையாக இணைத்து 24 வோல்ட் பெறுகின்றனர். எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் பாட்டரிக்கு மின்சாரம் ஏற்றுகிறது. ஆதலால் அப்போது காமிராவின் செலவு ஒரு பொருட்டன்று. எஞ்சின் நின்ற பிறகு எடுப்பதெல்லாம் பாட்டரியின் கையிருப்பிலிருந்தே எடுப்பதாகும். குதிரிலிருந்து நெல் அளந்து எடுப்பதைப் போல இதையும் அளந்தே எடுத்தல் வேண்டும்.

ஓர் உதாரணம் காண்போம். பதிவுப் பெட்டியும் இரண்டு மூன்று காமிராக்களும் சேர்ந்து 12 வாட் செலவழிப்பதாகக் கொள்வோம். 24 வோல்ட் லாரியில் இது அரை ஆம்பியர் ஆகும். பாட்டரியின் கொள்ளளவு 100 ஆம்பியர்-மணி என்றால், அதில் 30 பங்குக்கு மேல் எடுக்காதிருப்பது நலம். மிச்சம் ஸ்டார்ட்டருக்கு வேண்டும். 30ஐ அரையால் வகுத்தால் 60 மணி நேரம் கிடைக்கிறது. அதாவது சனிக்கிழமை மாலை நிறுத்திய லாரியைத் திங்கட்கிழமை காலையில் தடையின்றிக் கிளப்பலாம்.

அதே கருவியை 75 ஆம்பியர்-மணி பாட்டரியுள்ள டிராக்டரில் பொருத்தினால், 12 வோல்ட்டில் செலவு 1 ஆம்பியர் ஆகிறது. நூற்றுக்கு 30 என்னும் அளவு இங்கே இருபத்திரண்டரை ஆம்பியர்-மணியே. ஆகவே ஒரு நாள் கூட முழுமையாகத் தாங்காது. பாட்டரி பழையதாயின் கொள்ளளவு பாதியாகக் குறைந்திருக்கவும் கூடும். இரவில் காமிராவின் அகச்சிவப்பு விளக்குகள் எரிவதால் செலவு சற்று ஏறும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். வாங்குமுன் கருவியின்மேல் அச்சிட்டுள்ள வாட் அளவைப் பார்த்து இக்கணக்கைப் போட்டுக்கொள்வது ஒவ்வொருவரும் செய்யத்தக்கது.

தானாக நிறுத்தும் கருவி

கணக்கு சரியாக இருந்தாலும் வண்டி எதிர்பாராமல் அதிக நாள் நின்றுவிடலாம். ஆதலால் பாட்டரியின் வோல்ட் குறைந்தவுடன் காமிராவுக்குச் செல்லும் மின்சாரத்தைத் தானாகவே நிறுத்தும் கருவியை இடையில் வைப்பது இன்றியமையாதது. முழுமையாக மின்சாரம் ஏறிய 12 வோல்ட் ஈய-அமிலப் பாட்டரி ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும், 12.2 வோல்ட்டில் கையிருப்பு ஏறத்தாழப் பாதியாகிவிடும். எனவே 12 வோல்ட் வண்டியில் 12.2க்கும், 24 வோல்ட் வண்டியில் 24.4க்கும் அக்கருவியை அமைக்கலாம். இதற்குக் கீழே அமைத்தால் காமிரா இன்னும் சில மணி நேரம் ஓடும். ஆனால் காலையில் எஞ்சின் ஓடாது. மேலுரம் இடும் தருணத்தில் உர மூட்டைகளுடன் லாரி வழியில் நின்றுவிட்டால் உண்டாகும் நஷ்டம், ஒரு தார்ப்பாய் களவுபோவதைவிடப் பெரிது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

செய்யத் தகாத இணைப்பு

லாரியில் 12 வோல்ட் காமிராவைப் பொருத்தும் சிலர், இரண்டு பாட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் ஒயரை இழுத்துவிடுகின்றனர். இது வேலை செய்வதாகத் தோன்றினும் கெடுதியானது. எடுக்கப்பட்ட பாட்டரி குறைந்துகொண்டே போகிறது. மற்றது நிறைந்தே இருக்கிறது. ஆல்டர்னேட்டர் இரண்டுக்கும் ஒரே மின்னோட்டத்தைச் செலுத்துவதால், ஒன்று எப்போதும் அரைகுறையாகவும், மற்றொன்று அளவுக்கு மிஞ்சியும் மின்சாரம் பெற்று, இரண்டும் சீக்கிரத்தில் பாழாகின்றன. 24 வோல்ட்டை 12 வோல்ட்டாகக் குறைக்கும் கன்வர்ட்டர் ஒன்றை இரு பாட்டரிகளுக்கும் பொதுவாக இணைப்பதே முறை. அல்லது 24 வோல்ட்டை நேரே ஏற்கும் பதிவுப் பெட்டியை வாங்கலாம்.

ஒயர் இழுக்கும் விதம்

பதிவுப் பெட்டிக்குப் பொதுவாக மூன்று ஒயர்கள் உண்டு. ஒன்று பாட்டரியிலிருந்து எப்போதும் மின்சாரம் பெறுவது. இரண்டாவது சாவி திருப்பினால் மட்டும் மின்சாரம் பெற்று, வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்பதைப் பெட்டிக்கு அறிவிப்பது. மூன்றாவது வண்டியின் உடலோடு சேர்வது. ஒயர்களின் நிறத்தை நம்பாமல் கருவியுடன் வரும் குறிப்பைப் பார்த்து இணைக்க வேண்டும்.

பாட்டரியிலிருந்து புறப்படும் ஒயரில், பாட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் இருக்க வேண்டும். மேலே சொன்ன அளவுள்ள கருவிக்கு 3 ஆம்பியர் பியூஸ் போதுமானது. பியூஸைக் காமிராவின் அருகில் வைத்தால், இடையில் ஒயர் தேய்ந்து இரும்பில் உரசும்போது பாதுகாப்பு இராது, தீப்பற்றவும் கூடும். ஒயர் தகட்டைத் துளைத்துச் செல்லும் ஒவ்வோர் இடத்திலும் ரப்பர் வளையம் இடுதல் வேண்டும். லாரியின் அதிர்ச்சியில் முறுக்கிவிட்ட இணைப்பு நிலைக்காது. லக் வைத்து அழுத்தியோ ஈயம் வைத்துப் பற்றவைத்தோ மூடுதல் நலம்.

எண்ணூர், திருவொற்றியூர்ப் பகுதிகளில் கடலின் உப்புக்காற்று செம்பைப் பச்சையாக அரிக்கும். அடிக்கடி அப்பக்கம் செல்லும் வண்டிகளில் பாட்டரி முனைகளுக்கு வாஸலின் தடவி, மாதம் ஒருமுறை இணைப்புகளைப் பார்வையிடுவது அவசியம். பாரப்பெட்டியிலோ சேஸிஸிலோ மின்சார வெல்டிங் செய்வதற்கு முன் பாட்டரியையும் பதிவுப் பெட்டியையும் கழற்றிவிட வேண்டும். இல்லையேல் அவ்வதிர்ச்சி மின்சாரம் கருவியைக் கெடுத்துவிடும்.

பல லாரிகளில் பாட்டரியை முழுமையாகத் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்று இருக்கிறது. காமிராவின் ஒயரை அதற்குப் பின் இணைத்தால், ஓட்டுநர் அதை அணைத்தவுடன் காவலும் நின்றுபோகும். அதற்கு முன்னேயே தனிப் பியூஸுடன் இணைக்க வேண்டும். பாட்டரிப் பெட்டிக்குப் பூட்டும் வேண்டும். பாட்டரியின் கம்பியைக் கள்வன் முதலில் அறுத்துவிட்டால் எந்தக் காமிராவும் பயன்படாது.

காமிரா வைக்கும் இடம்

முன்புறக் காமிராவைக் கண்ணாடியின் மேற்பகுதியில், ஓட்டுநர் பார்வையை மறைக்காதவாறு வைக்க வேண்டும். டீசல் தொட்டியையும் பாட்டரிப் பெட்டியையும் ஒருசேரக் காணும்படி பக்கவாட்டில் ஒன்றும், பாரத்தையும் பின் கதவையும் காணும்படி ஒன்றும் வைத்தால் போதும். வெளியே வைப்பவை மழையும் புழுதியும் புகாத வகையாக இருத்தல் வேண்டும். அகச்சிவப்பு விளக்குள்ள காமிராவைக் கண்ணாடிக்கு உள்ளிருந்து வெளியே பார்க்கும்படி வைத்தால், ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பி வெள்ளைப் படலமே பதிவாகும்.

வெயிலில் மூடிக்கிடக்கும் கேபினின் சூட்டில் லித்தியம் பாட்டரி அடங்கிய காமிராக்கள் உப்பிக் கெடுவதுண்டு. சூப்பர் கெபாசிட்டர் உள்ளவை நம் நாட்டு வெயிலுக்கு ஏற்றவை. சாதாரண முழுத் தெளிவுப் படத்துக்கு மணிக்குச் சுமார் 3.6 ஜிகாபைட் இடம் வேண்டும்; 128 ஜிகாபைட் மெமரி கார்டில் ஒரு காமிராவின் பதிவு சுமார் 35 மணி நேரமும், இரண்டின் பதிவு அதில் பாதி நேரமும் தங்கும். அதற்குப் பின் பழையது அழிந்து புதியது பதியும்.

சூரிய ஒளித் தகடு

கேபின் கூரையில் 20 வாட் சூரியத் தகடு வைத்தால் பாட்டரிக்கு வேலையே இல்லை என்று சிலர் நினைக்கின்றனர். 20 வாட் தகடு நல்ல வெயில் நாளில் சுமார் 80 முதல் 100 வாட்-மணி தரும். 12 வாட் கருவி இரவும் பகலும் ஓடினால் 288 வாட்-மணி வேண்டும். ஆகவே அத்தகடு மூன்றில் ஒரு பங்குக்கே உதவும். அசைவோ அதிர்ச்சியோ உண்டானால் மட்டும் பதியும்படி கருவியை அமைத்து, தேவையான காமிராவை மட்டும் இரவில் இயக்கினால் செலவு பெரிதும் குறையும். அப்போதுதான் தகடு மெய்யாகப் பயன்படும்.

பதிவைச் சாட்சியாக்கும் முறை

களவு நடந்துவிட்டால் பதிவைப் பாதுகாப்பதே முதல் வேலை. கருவி தொடர்ந்து ஓடினால் வேண்டிய காட்சி அழிந்துபோகலாம். ஆதலால் கருவியை முறைப்படி நிறுத்தி, மெமரி கார்டை எடுத்து உறையிலிட்டு, தேதியும் நேரமும் எழுதி வைக்க வேண்டும். பெட்டியின் கடிகாரம் சரியாக இருக்கிறதா என்பதை மாதந்தோறும் பார்த்துவருவதும் அவசியம்.

இவ்விதப் பதிவுகளுக்குச் சான்றிதழ் இன்றியமையாதது என்று உச்ச நீதிமன்றம் 2020ஆம் ஆண்டில் உறுதிப்படுத்தியது. 2024ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் அமலிலுள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவும் சான்றிதழைக் கோருகிறது. அதன் ஒரு பகுதியைக் கருவிக்குப் பொறுப்பானவரும் மற்றொரு பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும். புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தப் போலீஸ் ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம். சாத்தாங்காட்டில் நிகழ்ந்த களவைத் தம் ஊர் சேர்ந்த பிறகு அறிந்தவரும் வழியற்றவர் அல்லர். கிராம அதிகாரிகள் இவ்விஷயங்களைக் குடிகளுக்கு எடுத்துரைத்தல் நலம். கேபினுக்குள் காமிரா வைப்பதாயின் ஓட்டுநருக்கு முன்கூட்டியே தெரிவிப்பதும் நேர்மையாகும்.

சுருக்கம்

1. கருவியின் வாட் அளவையும் பாட்டரியின் கொள்ளளவையும் அறிந்து கணக்கிட்ட பின்னரே வாங்குக.
2. வோல்ட் குறைந்தால் தானாக நிறுத்தும் கருவியின்றிக் காமிராவைப் பாட்டரியோடு இணைக்காதிருக்க.
3. லாரியின் இரு பாட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் மின்சாரம் எடுக்காதிருக்க.
4. பியூஸைப் பாட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் வைக்க.
5. பாட்டரிப் பெட்டியைப் பூட்டி வைக்க.
6. கடிகாரத்தையும் மெமரி கார்டையும் மாதந்தோறும் சோதிக்க.

காமிரா கள்வனைப் பிடிப்பதில்லை. நடந்ததைச் சொல்லும் சாட்சியாக நிற்கிறது. அச்சாட்சி இரவு முழுவதும் விழித்திருக்கவும், விடியற்காலையில் வண்டி பழுதின்றிக் கிளம்பவும் வேண்டுமாயின், மேலே கூறியபடி மின்சாரத்தை அளந்து ஊட்டுவதே வழியாகும்.