ஆடி 5000: தானாகப் பாய்ந்ததாகக் கூறப்பட்ட சொகுசுக் கார்

ஆடி 5000 என்பது ஜெர்மனியின் ஆடி நிறுவனம் 1978 முதல் 1988 வரையிலான மாடல் ஆண்டுகளில் அமெரிக்காவில் விற்ற சொகுசுக் கார் ஆகும். ஐரோப்பாவில் இதே கார் ஆடி 100, ஆடி 200 என்னும் பெயர்களில் விற்கப்பட்டது. "பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கும்போதே கார் தானாகச் சீறிப் பாய்கிறது" என்று இக்காரின் உரிமையாளர்கள் பலர் 1980-களில் புகார் கூறினர். 6 இறப்புகளும் ஏறத்தாழ 700 விபத்துகளும் இந்தப் புகாருடன் தொடர்புபடுத்திப் பேசப்பட்டன. வாகனப் பாதுகாப்பு வரலாற்றில் இது மிகவும் விவாதிக்கப்பட்ட நிகழ்வுகளுள் ஒன்று. தவறு காரிலா, ஓட்டியவரிடமா என்ற கேள்விக்கு ஒரு சொல்லில் விடை கூற முடியாது என்பதே இதன் சிறப்பு.

காரின் பின்னணி

ஐந்து சிலிண்டர் என்ஜினும் முன்சக்கர இயக்கமும் கொண்ட இக்காரின் புதிய வடிவம் ஐரோப்பாவில் 1982-இல் வெளிவந்தது. காற்றைக் கிழித்துச் செல்லும் அதன் வழவழப்பான உடல் அன்று பெரிதும் பேசப்பட்டது. ஆடி 100 என்ற பெயரில் அது 1983-ஆம் ஆண்டின் சிறந்த ஐரோப்பியக் காராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1985-இல் அமெரிக்காவில் ஆடி நிறுவனம் 74,061 கார்களை விற்றது. மருத்துவர்கள், வழக்கறிஞர்கள் போன்ற வசதியான குடும்பத்தினர் விரும்பி வாங்கிய குடும்பக் கார் இது.

புகார்களின் இயல்பு

புகார்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியாக இருந்தன. கார் நின்றுகொண்டிருக்கும். ஓட்டுநர் ஏறி அமர்ந்து, என்ஜினை இயக்கி, கியர் கோலை 'பார்க்' நிலையிலிருந்து 'டிரைவ்' அல்லது 'ரிவர்ஸ்' நிலைக்கு மாற்றுவார். அந்த நொடியிலேயே என்ஜின் அலறும். கார் முழு வேகத்தில் பாயும். பிரேக்கை எவ்வளவு அழுத்தியும் நிற்கவில்லை என்பார் ஓட்டுநர். சுவரிலோ, மரத்திலோ, வேறொரு காரிலோ மோதிய பிறகுதான் அது நிற்கும். சில இடங்களில் எதிரே நின்றது சுவராக இல்லை, மனிதராக இருந்தார்.

இவை ஏறக்குறைய முழுவதும் ஆட்டோமேட்டிக் கியர் கொண்ட கார்களிலேயே நிகழ்ந்தன. இதைப் புரிந்துகொள்வது அவசியம். கையால் கியர் மாற்றும் காரில் இடது காலுக்குக் கிளட்ச் இருக்கிறது. கார் எதிர்பாராமல் பாய்ந்தால் கிளட்சை மிதித்த உடனே என்ஜினுக்கும் சக்கரங்களுக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும். ஆட்டோமேட்டிக் காரில் இரண்டே மிதிகள். இரண்டுக்கும் வலது கால் ஒன்றுதான். அந்தக் கால் எங்கே இருக்கிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

தொலைக்காட்சி நிகழ்ச்சி

1986-இல் வாகனப் பாதுகாப்பு மையம் என்ற நுகர்வோர் அமைப்பும், நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் ராபர்ட் ஆப்ரம்ஸும் இக்கார்களைத் திரும்பப் பெறச் செய்யுமாறு வலியுறுத்தினர். பாதிக்கப்பட்ட உரிமையாளர்களும் ஒரு சங்கமாகத் திரண்டனர். ஆயினும் நாடு முழுவதையும் உலுக்கியது 1986 நவம்பர் 23 அன்று சி.பி.எஸ். தொலைக்காட்சியின் 'சிக்ஸ்டி மினிட்ஸ்' நிகழ்ச்சியில் வந்த பகுதிதான். தம் பிள்ளையை இழந்த ஒரு தாய் உட்படப் பலர் அதில் பேசினர். கேட்டவர் எவரும் அவர்கள் பொய் சொல்வதாக எண்ணியிருக்க முடியாது. அவர்கள் பொய் சொல்லவுமில்லை. தாம் பிரேக்கை மிதித்ததாகவே அவர்கள் உளமார நம்பினர்.

அதே நிகழ்ச்சியில், யாரும் தொடாமலே ஆக்சிலரேட்டர் மிதி தானாகக் கீழே இறங்கும் காட்சியும் காட்டப்பட்டது. அந்தக் காரின் கியர்பெட்டியில் ஒரு துளையிட்டு, வெளியிலிருந்து அழுத்தம் செலுத்தித்தான் ஒரு வல்லுநர் மிதியை அவ்வாறு இறங்க வைத்திருந்தார். இது பார்வையாளர்களுக்குச் சொல்லப்படவில்லை. சாலையில் ஓடும் காரில் அப்படியோர் அழுத்தம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி எழவே இடமின்றிப் போயிற்று. ஒரு செயல்விளக்கம் எந்த நிபந்தனைகளில் நடத்தப்பட்டது என்பதை மறைத்துவிட்டால், அதற்குச் சான்று என்ற தகுதி இல்லை.

ஆடி நிறுவனமும் நிலைமையைச் சரியாகக் கையாளவில்லை. காரில் குறையில்லை, ஓட்டுநர்களே தவறான மிதியை மிதிக்கிறார்கள் என்று அது கூறியது. பிள்ளையை இழந்த பெற்றோரையும், பல ஆண்டு ஓட்டிப் பழகியவர்களையும் பார்த்து ஒரு நிறுவனம் இவ்வாறு கூறினால் அது விளக்கமாகக் கேட்காது, பழி சுமத்துவதாகவே கேட்கும்.

ஆய்வுகள் கண்டவை

அமெரிக்கத் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் ஆடியை மட்டுமன்றி, வேறு பல நிறுவனங்களின் கார்களைப் பற்றி வந்த இதே வகைப் புகார்களையும் ஆராய்ந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் உள்ள போக்குவரத்து அமைப்புகள் மையம் இதற்கான ஆய்வை நடத்தி, 1989-இல் அறிக்கை அளித்தது.

அறிக்கையின் தர்க்கம் எளிமையானது. நின்றிருக்கும் கார் முழு விசையுடன் பாய்ந்து, பிரேக் மிதித்தும் நிற்காமல் போக வேண்டுமானால், இரண்டு வேறுவேறு அமைப்புகள் ஒரே நொடியில் பழுதாக வேண்டும். எரிபொருள் அமைப்பு முழுவதும் திறந்துகொள்ள வேண்டும். அதனுடன் எந்தத் தொடர்பும் இல்லாத பிரேக்கும் அப்போதே செயலிழக்க வேண்டும். விபத்து முடிந்ததும் இரண்டும் தடயமே இல்லாமல் தாமாகச் சரியாகிவிடவும் வேண்டும். ஏனெனில், விபத்துக்குப் பின் சோதித்த கார்களில் பிரேக்குகள் நன்றாகவே வேலை செய்தன.

பிரேக்கின் வலிமையைக் கணக்கிட்டும் பார்க்கலாம். சாதாரண எஞ்சின் கொண்ட ஆடி 5000 மணிக்கு 100 கி.மீ. வேகத்தை எட்டப் பத்து வினாடிகளுக்கு மேல் ஆகும். அதே வேகத்திலிருந்து பிரேக்கை முழுவதும் அழுத்தினால் மூன்று, நான்கு வினாடிகளில் கார் நின்றுவிடும். அதாவது, காரைத் தள்ளும் விசையைவிட நிறுத்தும் விசை ஏறக்குறைய மூன்று மடங்கு. நின்ற நிலையில் பிரேக்கை உண்மையாகவே அழுத்திக்கொண்டிருந்தால், என்ஜின் எவ்வளவு அலறினாலும் கார் நகராது. எனவே, பெரும்பாலான நிகழ்வுகளில் ஓட்டுநரின் கால் பிரேக்கில் இல்லை, ஆக்சிலரேட்டரில்தான் இருந்தது என்று அறிக்கை முடிவு கூறியது. கனடாவிலும் ஜப்பானிலும் நடந்த அரசு ஆய்வுகளும் இதை ஒட்டிய முடிவுக்கே வந்தன.

அறிக்கையை இத்துடன் நிறுத்திவிட்டு மேற்கோள் காட்டுவோர் பலர். ஆனால் அதில் இன்னொரு பகுதியும் உண்டு. கார் நின்றிருக்கும்போது என்ஜின் அணையாமல் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருப்பதை ஐட்லிங் என்பர். அதைச் சீராக வைத்திருக்கும் மின்னணுச் சாதனம் ஆடியின் சில வகைகளில் பழுதாகக்கூடியதாக இருந்தது. அது பழுதானால் என்ஜினின் சுழற்சி திடீரென உயர்ந்து, கார் சிறிது நேரம் முன்னே தாவும். இந்தத் தாவலின் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.3 பங்கு வரை இருக்கலாம் என அறிக்கை குறிப்பிட்டது. ஒரு வினாடி நீடித்தாலே மணிக்கு 10 கி.மீ. வேகம் வந்துவிடும். காரைச் சுவரில் மோதி நொறுக்க இது போதாது. ஆனால் ஒரு மனிதரைத் திடுக்கிடச் செய்யப் போதும்.

திடுக்கிட்ட மனிதர் என்ன செய்வார்? பிரேக்கை மிதிக்க முயல்வார். கால் சற்றே வலப்புறம் விழுந்தால் அது ஆக்சிலரேட்டர். கார் இன்னும் வேகமாகப் பாயும். 'பிரேக் பிடிக்கவில்லை' என்று எண்ணி இன்னும் அழுத்துவார். மிதியை மாற்றி மிதித்துவிட்டோம் என்ற எண்ணமே அவருக்கு வராது.

லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ரிச்சர்ட் ஷ்மிட் 1989-இல் வெளியிட்ட கட்டுரையில் இதன் உளவியலை விளக்கினார். ஒருவர் சரியான செயலையே தேர்ந்தெடுக்கிறார்: பிரேக்கை அழுத்த வேண்டும். ஆனால் கால் நீளும் தூரமும் திசையும் ஒவ்வொரு முறையும் சிறிது மாறுபடும்; ஆயிரக்கணக்கான முறை மிதிப்பதில் ஏதோ ஒருமுறை குறி தவறலாம். எண்ணம் சரியாக இருந்ததால் செயலும் சரியாகவே நடந்தது என்று மனம் பதிவுசெய்துகொள்கிறது. பீதியில் அதைத் திருத்திக்கொள்ளும் அவகாசம் கிடைப்பதில்லை. "நான் பிரேக்கைத்தான் மிதித்தேன்" என்று அந்த ஓட்டுநர்கள் சத்தியம் செய்ததன் பொருள் இதுதான்.

மிதிகளின் அமைப்பு

அக்கால அமெரிக்கக் கார்களில் பிரேக் மிதி அகலமாகவும், ஆக்சிலரேட்டரைவிட நன்கு உயரமாகவும் இருந்தது. காலைத் தூக்கித்தான் அதில் வைக்க வேண்டும். ஆடியில் இரண்டு மிதிகளும் ஐரோப்பிய வழக்கப்படி நெருக்கமாகவும், ஏறக்குறைய ஒரே உயரத்திலும் இருந்தன. வேகமாக ஓட்டிப் பழகியவர்களுக்கு இது வசதி. பெரிய அமெரிக்கக் காரிலிருந்து புதிதாக இதற்கு மாறியவருக்கு, கால் பழைய இடத்தைத் தேடும்.

'ஓட்டுநர் தவறு' என்ற சொல் இங்கேதான் போதாமல் போகிறது. ஒரே தவறு ஒரு காரில் அரிதாகவும் இன்னொரு காரில் அடிக்கடியும் நடக்குமானால், அதில் வடிவமைப்புக்கும் பங்கு உண்டு. நிறுவனமே இதை ஓரளவு அறிந்திருந்தது எனலாம். 1982-இல் தரைவிரிப்பு ஆக்சிலரேட்டரில் சிக்காதவாறு திருத்தவும், 1983-இல் பிரேக் மிதியின் மேல் ஒரு தகட்டைப் பொருத்தி அதன் உயரத்தைக் கூட்டவும் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. (திரும்ப அழைப்பது என்றால் காரைப் பறிமுதல் செய்வதன்று, பணிமனைக்கு வரவழைத்துக் குறையை இலவசமாகச் சரிசெய்து தருவது.)

லெக்சஸ் நிகழ்வுடன் ஒப்பீடு

தானாகப் பாய்ந்ததாகக் கூறப்படும் எல்லா நிகழ்வுகளுக்கும் தவறான மிதியே காரணம் என்று கொள்வதும் ஆபத்து. 2009 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் சான் டியேகோ அருகே, விற்பனையகம் தற்காலிகமாகக் கொடுத்திருந்த லெக்சஸ் இஎஸ் 350 சொகுசுக் கார் நெடுஞ்சாலையில் கட்டுக்கடங்காமல் ஓடி விபத்துக்குள்ளாகி நால்வர் இறந்தனர். வேறொரு மாடலுக்குரிய கனத்த தரைவிரிப்பு அதில் போடப்பட்டிருந்தது. ஆக்சிலரேட்டர் அதில் சிக்கிக்கொண்டது. லெக்சஸின் தாய் நிறுவனமான டொயோட்டா அவ்வாண்டே தரைவிரிப்புச் சிக்கலுக்காக ஏறத்தாழ 38 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. மிதி மேலெழாமல் ஒட்டிக்கொள்ளும் வேறொரு குறைக்காக 2010 ஜனவரியில் இன்னும் 23 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. மின்னணு அமைப்பை நாசா பொறியாளர்கள் ஆராய்ந்தும், இத்தகைய பாய்ச்சலை உண்டாக்கும் பழுதைக் காணவில்லை என 2011-இல் அறிவிக்கப்பட்டது. எனினும் இக்குறைகளைப் பற்றி மக்களைத் தவறாக வழிநடத்தியதற்காக டொயோட்டா 2014-இல் 120 கோடி டாலர் செலுத்த நேர்ந்தது.

ஓடும் காரில் ஆக்சிலரேட்டர் சிக்கினால் பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்கக் கூடாது. பிரேக்குக்கு வலுவூட்டும் வெற்றிட அமைப்பு, ஆக்சிலரேட்டர் முழுவதும் திறந்திருக்கும்போது மீண்டும் நிரம்பாது. இரண்டு மூன்று முறை விட்டு மிதித்தால் பிரேக் கல்லாகிவிடும். ஒரே மூச்சாக அழுத்திப் பிடித்து, கியரை 'நியூட்ரல்' நிலைக்குத் தள்ள வேண்டும்.

பின்விளைவுகள்

அமெரிக்காவில் ஆடியின் ஆண்டு விற்பனை 1991-இல் 12,283 ஆகச் சரிந்தது. பழைய கார்களின் மறுவிற்பனை மதிப்பு வீழ்ந்ததற்கு இழப்பீடு கேட்டு உரிமையாளர்கள் 1987-இல் சிகாகோவில் தொடுத்த வழக்கு பல ஆண்டுகள் இழுத்தது. 1989 மாடல் ஆண்டிலிருந்து '5000' என்ற பெயரே கைவிடப்பட்டு, அமெரிக்காவிலும் 100, 200 என்ற பெயர்கள் வந்தன. 1985-இன் விற்பனையை மீண்டும் எட்ட ஏறக்குறைய 15 ஆண்டுகள் பிடித்தன.

இதற்கிடையே, 1987 ஜனவரியில் ஆடி நிறுவனம் சுமார் 2,50,000 கார்களைத் திரும்ப அழைத்து ஒரு சிறு பூட்டைப் பொருத்தியது. பிரேக்கை மிதித்தாலன்றிக் கியர் கோலை 'பார்க்' நிலையிலிருந்து நகர்த்த முடியாதபடி அது தடுக்கும். கால் பிரேக்கில் இருக்கிறதா என்பதை ஓட்டுநரின் நினைவுக்கு விடாமல் காரே உறுதிசெய்துகொள்ளும் ஏற்பாடு இது. புகார்கள் வெகுவாகக் குறைந்தன. கியர் மாற்றிய பின் கால் தவறுவதை இப்பூட்டு தடுக்காது என்பதால் முற்றிலும் நிற்கவில்லை. பிற நிறுவனங்களும் படிப்படியாக இதைப் பின்பற்றின. அமெரிக்காவில் 2008-இல் நிறைவேறிய குழந்தைகள் பாதுகாப்புச் சட்டம், 2010 செப்டம்பர் முதல் உற்பத்தியாகும் ஆட்டோமேட்டிக் கார்களில் இந்தப் பூட்டைக் கட்டாயமாக்கியது. பெற்றோர் இல்லாத நேரத்தில் காருக்குள் விளையாடும் குழந்தை கியர் கோலை இழுத்துவிடாமல் காப்பது அச்சட்டத்தின் நோக்கங்களுள் ஒன்று.