தலையணைக்கு அடியில் ஒன்றுமில்லை

விருந்தாளி அறையைக் காலி செய்துவிட்டுப் போனதும் உள்ளே நுழையும் ரூம்பாய் முதலில் ஜன்னல் திரையை விலக்குவார். அடுத்து மினிபாரில் என்ன குறைந்திருக்கிறது என்று பார்த்து ரிசப்ஷனுக்குப் போன் போடுவார். அலமாரி, இழுப்பறை, பாத்ரூம் கதவுக்குப் பின்னால் இருக்கும் கொக்கி என்று ஒரு சுற்று தேடுவார், யாராவது எதையாவது மறந்துவிட்டுப் போயிருக்கிறார்களா என்று. அதன் பிறகுதான் படுக்கை. தலையணையைத் தூக்கும் அந்த நொடியில் கண் தன்னால் அதன் அடிக்குப் போகும்.

“பத்து வருஷப் பழக்கம் சார். இப்பல்லாம் ஒண்ணும் இருக்காதுன்னு தெரியும். ஆனா கண்ணு கேக்காது” என்றார் சென்னையில் ஒரு ஐந்து நட்சத்திர ஓட்டலின் ஹவுஸ்கீப்பிங்கில் இருப்பவர். பெயர் வேண்டாம் என்றார். ஓட்டலின் பெயர் வேண்டவே வேண்டாம் என்றார்.

‘ஓட்டல் கம்பெனியில் வேலை பார்ப்பது எப்படி இருக்கும்? கேட்டரிங் அட்மிஷன் சீசன் வருகிறது, பெற்றோர்கள் படிப்பார்கள்’ என்று சொல்லித்தான் ஆசிரியர் குழுவில் இந்தக் கட்டுரையைக் கேட்டார்கள். செஃப்பின் நீள வெள்ளைத் தொப்பி, லாபியில் தொங்கும் சரவிளக்கு, துபாய் வாய்ப்பு என்று எழுதிக்கொடுத்துவிடலாம் என்று நினைத்துத்தான் கிளம்பினேன். ஆனால் யாரிடம் போய் உட்கார்ந்தாலும் பேச்சு சுற்றிச் சுற்றி டிப்ஸில் வந்து நின்றது. எனக்கும் அதில் ஒரு பழைய கணக்கு உண்டு.

25 வருடங்களுக்கு முன்னால், டிப்ளமோ முடிப்பதற்காக ஒரு பெரிய ஓட்டலில் சில மாதங்கள் ட்ரெயினியாக இருந்தேன். பின்வாசல் வழியாகத்தான் நுழைய வேண்டும். பஞ்ச் அடித்து, லாண்டரி ஜன்னலில் அழுக்கு யூனிஃபார்மைக் கொடுத்துச் சலவை செய்ததை வாங்கி, ஷூ பாலீஷ், நகம், முகச்சவரம் எல்லாவற்றையும் சூப்பர்வைசர் கண்ணால் அளந்து முடித்த பிறகு ரூம் லிஸ்ட் கைக்கு வரும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 15 அறை. எட்டு மணி நேர ஷிஃப்ட் என்றால் 480 நிமிடம். சாப்பாட்டுக்கு அரை மணி, பிரீஃபிங்குக்கும் ட்ராலி அடுக்குவதற்கும் அரை மணி போனால் மிச்சம் 420. ஒரு அறைக்கு 28 நிமிடம். ஆள் தங்கியிருக்கும் அறையை அதற்குள் முடித்துவிடலாம். காலி செய்த அறை அப்படியல்ல. குடும்பத்தோடு இரண்டு நாள் தங்கி, கேக் வெட்டி, கார்ப்பெட்டில் க்ரீமை மிதித்துவிட்டுப் போன அறை முக்கால் மணி நேரத்தைத் தின்றுவிடும். அந்த நேரத்தை அடுத்த அறையிலிருந்துதான் திருட வேண்டும்.

பெரிய மெத்தையின் மூலையைத் தூக்கி, விரிப்பை மடித்துச் செருகி, அடுத்த மூலைக்குப் போக வேண்டும். நான்கு மூலைக்கும் நான்கு முறை குனிய வேண்டும். பிறகு டூவே போர்வைக்கு உறை. பிறகு பாத்ரூம். கண்ணாடியில் ஒரு நீர்த்துளியின் தடம் இருக்கக் கூடாது, குழாய் பளபளக்க வேண்டும், பாத்டப்பில் ஒரே ஒரு தலைமுடி கிடந்தாலும் அறை ‘ரிஜெக்ட்’. நான் தூங்கப் போகும்போது கண்ணை மூடினால் தலைமுடிதான் தெரியும்.

இரண்டாவது வாரத்தில் ஒரு செக்-அவுட் அறையில் தலையணைக்கு அடியில் இரண்டு நூறு ரூபாய் நோட்டுகள் இருந்தன. அன்றைக்கு எனக்கு அது பெரிய தொகை. இங்கேதான் வெளியே தெரியாத ஒரு சட்டம் இருக்கிறது. தங்கியிருப்பவரின் அறையில் மேஜை மேல் பணம் கிடந்தால் தொடவே கூடாது, அதைத் தாண்டித்தான் தூசி தட்ட வேண்டும். காலி செய்த அறையில் கிடந்தால் அது டிப்ஸா, மறந்துபோனதா? பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டில் ‘ரூம்பாய்க்கு’ என்று எழுதியிருந்தால் பிரச்சினை இல்லை. சும்மா கிடந்தால்? பழைய ஆட்கள் தலையணைக்கு அடியில் இருந்தால் டிப்ஸ், தலையணைக்குப் பக்கத்தில் இருந்தால் மறதி என்று ஒரு சாஸ்திரமே வைத்திருந்தார்கள். எனக்குப் பயம். வெளியே போகும்போது செக்யூரிட்டி பையைக் கவிழ்த்துப் பார்ப்பார், உடம்பைத் தடவிப் பார்ப்பார். ‘லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்’ ரெஜிஸ்டரில் எழுதிக் கொடுத்துவிட்டேன். மூன்று மாதத்தில் யாரும் கேட்டு வரவில்லை என்றால் கண்டெடுத்தவருக்கே தருவார்கள். மூன்று மாதம் முடிவதற்குள் எனக்கு ட்ரெயினிங் முடிந்துவிட்டது. அந்த 200 ரூபாய் இன்னும் எனக்கு வரவேண்டிய பாக்கி.

ஓட்டலில் டிப்ஸுக்கும் ஒரு சாதி அடுக்கு உண்டு. ரெஸ்டாரன்ட்டில் பரிமாறும் ஸ்டீவர்டு மேலே. வாசலில் கார் கதவைத் திறப்பவரும் பெட்டி தூக்கும் பெல்பாயும் அதற்கு அடுத்து. விருந்தாளியின் முகத்தைப் பார்ப்பவர்கள் இவர்கள்தான். ரூம்பாயை விருந்தாளி பார்ப்பதே அபூர்வம். பார்க்கக் கூடாது என்றுதான் பயிற்சியே. கிச்சனுக்குப் பின்னால் பாத்திரம் கழுவும் ஸ்டீவர்டிங் ஆட்களைச் சக ஊழியர்களே பார்ப்பதில்லை. அதனால் சில இடங்களில் எல்லா டிப்ஸையும் ஒரே பெட்டியில் போட்டு மாதக் கடைசியில் பிரிப்பார்கள். பிரிக்கும் நாளில் நடக்கும் சண்டைகளை எழுதினால் தனித் தொடர் தேறும்.

இப்போது 2016-க்கு வருகிறேன். ஏப்ரல் மாதம் யுபிஐ அறிமுகமானது. அதே ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு. விருந்தாளி கார்டில் பில் கட்டும்போது டிப்ஸையும் சேர்த்துக் கட்டினால் அது ஓட்டலின் கணக்கில் விழுந்து ஊழியருக்குப் போகிறது. அப்படியானால் அது சம்பளமா, ஓட்டல் அதற்கு டிடிஎஸ் பிடிக்க வேண்டுமா என்பது வழக்கு. சம்பளம் அல்ல, விருந்தாளி கொடுத்ததை ஓட்டல் கை மாற்றித் தருகிறது, அவ்வளவுதான் என்றது நீதிமன்றம். அந்த நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. மூன்றும் தனித்தனிச் சம்பவங்கள்தான். ஆனால் ரூம்பாயின் மேல் மூன்றும் ஒன்றாக விழுந்தன என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பர்ஸில் நோட்டு வைத்துக்கொள்ளும் பழக்கமே போய்விட்டது. ஸ்டீவர்டாவது பில்லை நீட்டும்போது நாலு வார்த்தை பேசி, விருந்தாளி மனம் வைத்தால் போனில் வாங்கிவிடலாம். அதற்கும் பல ஓட்டல்களில் தடை. சொந்த நம்பரைக் கொடுத்தால் வேலை போகும். ரூம்பாய் யாரிடம் நீட்டுவார்? விருந்தாளி கிளம்பிப் போன பிறகுதானே அவர் உள்ளேயே வருகிறார். சில இடங்களில் அறையிலேயே க்யூஆர் அட்டை வைத்திருக்கிறார்கள். அந்தப் பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது, எப்போது பிரிகிறது என்று நான் கேட்ட மூன்று பேருக்கும் தெரியவில்லை. ஒருவர், “அதுல யாராச்சும் போடுறாங்களான்னே தெரியாது சார்” என்று சிரித்தார்.

நான் பேசியவர்கள் எல்லோருமே இஎஸ்ஐ அட்டைக்காரர்கள். அதாவது மாதச் சம்பளம் 21,000-ஐத் தாண்டாதவர்கள். டிப்ஸ் அவர்களுக்குப் பலகாரக் காசு அல்ல. வேளச்சேரியில் நான்கு பேர் சேர்ந்து எடுத்த அறையின் வாடகை அதிலிருந்து போகும், சம்பளம் முழுசாக ஊருக்குப் போகும். ஒடிசா, அசாம், மணிப்பூர் பையன்களும் விழுப்புரம் பையன்களும் இந்த ஒரு கணக்கில் ஒன்று. ஆனால் அந்தக் காசு எந்தக் காகிதத்திலும் ஏறாது. பிஎஃப்பில் அது இல்லை. கிராஜுவிட்டி வருடத்துக்கு 15 நாள் சம்பளம் என்று கணக்குப் போடும்போதும் அது இல்லை. வங்கியில் பைக் லோன் கேட்டால் சம்பளச் சீட்டைத்தான் கேட்கிறார்கள். இருந்தபோதும் காகிதத்தில் இல்லை, இப்போது கையிலும் இல்லை. காணாமல் போனது என்று எங்கே புகார் கொடுப்பது?

சர்வீஸ் சார்ஜ் கதை இன்னும் விசித்திரம். பில்லில் அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று 2022 ஜூலையில் மத்திய அரசுத் தரப்பில் வழிகாட்டுதல் வந்தது. ஓட்டல்காரர்கள் வழக்குப் போட்டார்கள். வழிகாட்டுதல் செல்லும் என்று 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. சாப்பிடுகிறவனாக எனக்குச் சந்தோஷம்தான், பில்லில் கேட்காமல் எதையும் ஏற்றக் கூடாது. ஆனால் வழக்கு நடந்தபோது டிவியில் பேசியவர்கள் முதலாளிகளும் நுகர்வோரும்தான். தட்டு எடுத்த பையனிடம் யாரும் மைக் நீட்டியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

கடல் தாண்டினால் வேறு மாதிரி. மாலத்தீவின் ரிசார்ட்டுகள் குறைந்தது 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் வாங்க வேண்டும், அதை ஊழியர்களுக்குப் பிரித்துத் தர வேண்டும் என்பது அங்கே சட்டம். தூத்துக்குடியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் போகும் பையன்கள் ‘சம்பளம் எவ்வளவு’ என்று கேட்பதில்லை, ‘எஸ்சி எவ்வளவு வரும்’ என்றுதான் கேட்கிறார்கள். 1991-லேயே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஓட்டல் ஊழியர்களுக்கென்றே ஒரு உடன்படிக்கை கொண்டுவந்தது. டிப்ஸ் வந்தாலும் வராவிட்டாலும் அடிப்படைச் சம்பளம் ஒழுங்காகத் தர வேண்டும் என்கிறது அது. இந்தியா அதை ஏற்று உறுதி செய்யவில்லை.

ஒரு எச்.ஆர். மேனேஜரிடம் இதையெல்லாம் கேட்டேன். டிப்ஸை நம்பி எந்தக் கம்பெனியும் ஆள் எடுப்பதில்லை, மூன்று வேளை சாப்பாடு, இன்ஷூரன்ஸ், புரமோஷன் எல்லாம் இருக்கிறது, தட்டு தூக்க வந்தவர்கள் ஜெனரல் மேனேஜர் ஆகியிருக்கிறார்கள் என்றார். உண்மைதான். ஆகியிருக்கிறார்கள்.

போன மாதம் மதுரையில் ஒரு நாள் தங்க வேண்டியிருந்தது. நல்ல ஓட்டல். கிளம்பும்போது இந்தக் கட்டுரை மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்ததால் பர்ஸைத் திறந்தேன். ஒற்றை 500 ரூபாய் நோட்டு. அதை அப்படியே வைக்க, உள்ளதைச் சொல்கிறேன், மனம் வரவில்லை. கீழே போய் ரிசப்ஷனில் சில்லறை கேட்டேன். அந்தப் பெண் கல்லாவைத் திறந்தே பார்க்காமல், “சில்லறை இல்ல சார், ஸ்கேன் பண்ணிடுங்களேன்” என்று க்யூஆர் அட்டையைத் திருப்பி வைத்தது. எதிரே இருந்த டீக்கடையில் ஒரு காபி குடித்து நோட்டை மாற்றிக்கொண்டு மறுபடி மூன்றாவது மாடிக்கு ஏறினேன். அறைக் கதவு திறந்து கிடந்தது. ட்ராலி வாசலில். படுக்கை விரிப்பும் தலையணை உறையும் உருவப்பட்டு மூலையில் குவியலாகக் கிடந்தன. பாத்ரூமிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்த பையன் என்னைப் பார்த்ததும் பதறிப்போய்க் கேட்டான்:

“என்ன சார், சார்ஜரை விட்டுட்டுப் போயிட்டீங்களா?”