கடன் வாங்கிப் படித்த தேசம்

பெண்ணின் கல்யாணத்துக்குக் கடன் வாங்குகிறோம். வீடு கட்டக் கடன் வாங்குகிறோம். பையனைக் காலேஜில் சேர்க்கக் கடன் வாங்குகிறோம். ஒரு தேசமே தன் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கடன் வாங்கினால் எப்படி இருக்கும்? அப்படியும் நடக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. நமக்குக் கடன் கொடுத்தவர் நம் வீட்டுச் சமையலறைக்குள் நுழைந்து, "சாம்பாரில் பருப்பைக் குறை" என்று உத்தரவு போடுவதில்லை. தேசங்களுக்குக் கடன் கொடுப்பவர்கள் அதையும் செய்வதுண்டு!

கிழக்கு ஆப்பிரிக்காவில், இந்து மகாசமுத்திரத்தின் கரையில் இருக்கிறது டான்சானியா. கடன், படிப்பு, உத்தரவு மூன்றும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதை அந்தத் தேசத்தின் கதையைக் கேட்டால் தெரிந்து கொள்ளலாம்.

தாத்தா வாங்கி, பேரன் அடைக்கும் கடன்

1944-ல் அமெரிக்காவில் பிரெட்டன் உட்ஸ் என்ற இடத்தில் கூடிய மகாநாட்டில் உருவானது உலக வங்கி. முதலில் அது அணைக்கட்டு, ரயில் பாதை, மின்சார நிலையம் இவற்றுக்குத்தான் கடன் கொடுத்து வந்தது. பள்ளிக்கூடம் என்றால் வங்கிக்காரர்களுக்குத் தயக்கம். அணை கட்டினால் மின்சாரம் வரும். மின்சாரத்தை விற்றால் பணம் வரும். ஒரு குழந்தை அரிச்சுவடி படிப்பதால் கடன் எப்படித் திரும்பி வரும்? அவர்கள் கணக்கு அப்படி.

1960-ல் ஏழை நாடுகளுக்கென்று உலக வங்கியின் கிளை ஸ்தாபனம் ஒன்று ஏற்பட்டது. சர்வதேச வளர்ச்சிச் சங்கம் என்று பெயர். அது கொடுத்த கடனுக்கு வட்டி கிடையாது. நிர்வாகச் செலவுக்காக வருஷத்துக்கு முக்கால் சதவீதம் மட்டும் கொடுத்தால் போதும். முதல் பத்து வருஷம் அசலில் ஒரு காசு கூடத் திருப்ப வேண்டாம். மொத்தக் கடனையும் அடைக்க ஐம்பது வருஷ அவகாசம். தாத்தா வாங்கிய கடனைப் பேரன் அடைக்கலாம் என்று வைத்துக் கொள்ளுங்களேன்! இந்தச் சங்கம் 1962-ல் டுனீஷியாவுக்குப் பள்ளிக்கூடங்கள் கட்ட 50 லட்சம் டாலர் கொடுத்தது. உலக வங்கிக் குடும்பம் கல்விக்காகக் கொடுத்த முதல் கடன் அதுதான். சில வருஷங்களுக்குள் டான்சானியாவுக்கும் இடைநிலைப் பள்ளிகள் கட்டக் கடன் கிடைத்தது.

வாத்தியார் ஜனாதிபதி ஆனார்

டான்சானியாவின் முதல் ஜனாதிபதி ஜூலியஸ் நைரேரே. எடின்பரோ சர்வகலாசாலையில் பட்டம் பெற்றுத் திரும்பியவர். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். நாட்டையே ஆண்ட போதும் ஜனங்கள் அவரை 'ம்வாலிமு' என்றுதான் அழைத்தார்கள். சுவாஹிலி பாஷையில் அதற்கு 'வாத்தியார்' என்று பொருள். ராஜ்ய காரியங்களுக்கு நடுவே அவர் ஷேக்ஸ்பியரின் இரண்டு நாடகங்களைச் சுவாஹிலியில் மொழிபெயர்த்தார். அவற்றில் ஒன்று 'வெனிஸ் வர்த்தகன்'. கொடுத்த கடனுக்கு ஈடாக ஒரு ராத்தல் சதை கேட்கும் லேவாதேவிக்காரனின் கதை! பிற்காலத்தில் நடந்ததை நினைத்தால், பொருத்தமான நாடகத்தைத்தான் வாத்தியார் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்று தோன்றும்.

1961-ல் சுதந்திரம் வந்தபோது பெரியவர்களில் நூற்றுக்கு 85 பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 43 வருஷம் ஆண்ட பிரிட்டிஷார் விட்டுப் போன போது, பயிற்சி பெற்ற இஞ்சினீயர்கள் இரண்டே பேர். டாக்டர்கள் பன்னிரண்டு பேர். இது நைரேரே சொன்ன கணக்கு. அந்நியர் பணத்தை நம்பினால் சுதந்திரத்துக்கே ஆபத்து என்று 1967-ல் அரூஷா பிரகடனத்தில் அவர் எச்சரித்தார். ஆனாலும் ஏழைத் தேசத்துக்கு வேறு வழி? ஸ்வீடன் முதலிய நாடுகளிடமிருந்தும் உலக வங்கியிடமிருந்தும் பணம் வந்து கொண்டுதான் இருந்தது.

1970-களில் ஆரம்பப் பள்ளிக் கட்டணம் ரத்தாயிற்று. குழந்தைகள் எல்லாரையும் பள்ளிக்கு அனுப்பியாக வேண்டும் என்று இயக்கமே நடந்தது. ஐந்தாறு வருஷங்களில் மாணவர் தொகை இரு மடங்காகிவிட்டது. குறைகளுக்கும் பஞ்சமில்லை. அவசரப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள், நெரிசலான வகுப்புகள், போதாத புத்தகங்கள். கிராமத்து ஜனங்களை வீடு வாசலை விட்டுக் கிளப்பிப் புதுக் கிராமங்களில் குடியேற்றியதில் பலாத்காரமும் கலந்திருந்தது. ஆயினும் ஏழையின் குழந்தைக்குப் பள்ளிக் கதவு திறந்திருந்தது.

பருப்பைக் குறைத்த கதை

பிறகு கஷ்ட காலம். பெட்ரோல் விலை ஏறிற்று. உகாண்டாவின் இடி அமீனோடு 1978-79-ல் யுத்தம். சர்க்கார் தொழில்களில் நஷ்டம். கஜானா காலி. சர்வதேச நிதி நிறுவனம் உதவ முன் வந்தது. கூடவே நிபந்தனைகளையும் நீட்டியது. "இந்த நிறுவனம் எப்போது உலகத்துக்கெல்லாம் நிதி மந்திரி ஆயிற்று?" என்ற பொருளில் 1980-ல் நைரேரே கோபமாகக் கேட்டார். 1985-ல் அவர் பதவியிலிருந்து விலகினார். அடுத்த வருஷமே புதிய சர்க்கார் கையெழுத்துப் போட்டது.

செலவைக் குறை, சிக்கனம் செய் என்பது அந்தக் காலத்துத் தாரக மந்திரம். பள்ளிச் செலவில் பெற்றோரும் பங்கு ஏற்கட்டும் என்ற யோசனை உலக வங்கி நிபுணர்களிடையே செல்வாக்குப் பெற்றிருந்தது. டான்சானியாவில் ஆரம்பப் பள்ளிக் கட்டணம் மறுபடியும் தலைகாட்டிற்று. பார்வைக்குச் சின்னத் தொகைதான். ஆனால் அதோடு சீருடை, நோட்டுப் புத்தகம், கட்டட நிதி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து கொண்டன. நாலு குழந்தைகள் உள்ள குடியானவர் என்ன செய்வார்? இரண்டு பேரை அனுப்புவார். இரண்டு பேரை நிறுத்துவார். நிறுத்தப்படுகிறவர் யார் என்பது நம் தாய்மார்களுக்குச் சொல்லாமலே தெரியும்.

1999-ல் வெளியான ஒரு பேட்டியில் நைரேரே ஒரு சம்பவத்தைச் சொல்லியிருக்கிறார். வாஷிங்டனில் உலக வங்கிக்காரர்கள் அவரைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வியே, "நீங்கள் ஏன் தோற்றுப் போனீர்கள்?" என்பதுதானாம். வாத்தியார் நிதானமாகக் கணக்கு ஒப்பித்தார். தாம் விலகிய போது நூற்றுக்கு 91 பேர் எழுத்தறிவு பெற்றிருந்தார்கள். ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் பள்ளியில் இருந்தார்கள். அதற்குப் பிறகு பத்து வருஷமாக நீங்கள் சொன்னபடியெல்லாம் தேசம் கேட்டது. இப்போது பள்ளிக்குப் போகிறவர்கள் 63 சதவீதம்தான். "என்ன கோளாறு நடந்தது?" என்று அவர்களையே திருப்பிக் கேட்டாராம்!

கதவு மறுபடி திறந்தது

காலம் மாறிற்று. கட்டணம் ஏழையின் குழந்தையைத் துரத்துகிறது என்று உலகெங்கும் குரல் எழும்பியது. ஆரம்பப் பள்ளிக்குக் கட்டணம் வசூலிக்கும் கடன் திட்டங்களை உலக வங்கியில் தன் பிரதிநிதி எதிர்க்க வேண்டும் என்று அமெரிக்கக் காங்கிரஸே 2000-ல் சட்டம் செய்தது. 2001-ல் டான்சானியாவில் கட்டணம் ஒழிந்தது. உலக வங்கி 15 கோடி டாலர் கடன் கொடுத்தது. பழைய கடன் சுமையிலும் ஒரு பகுதி இறங்கிற்று. கிராமத்துப் பள்ளிக் குழுவின் கைக்கே கட்டட மானியம் போயிற்று. ஊர் ஜனங்கள் தாங்களே பாடுபட்டு வகுப்பறைகளை எழுப்பினார்கள். 2000-ல் சுமார் 44 லட்சமாக இருந்த மாணவர் தொகை, 2005-ல் சுமார் 75 லட்சம்!

அதே 2001-ன் கடைசியில் ஒரு விசித்திரமும் நடந்தது. கடன் சலுகை பெற்ற மை உலருவதற்குள், பிரிட்டனின் பி.ஏ.இ. சிஸ்டம்ஸ் கம்பெனியிடம் 2 கோடியே 80 லட்சம் பவுனுக்கு ஒரு ராடார் யந்திரத்தை டான்சானியா வாங்கிற்று. பிரிட்டிஷ் மந்திரி கிளேர் ஷார்ட் கூடாதென்று வாதாடினார், பலிக்கவில்லை. பின்னால் விசாரணை வந்தது. வியாபாரத்தில் உதவிய தரகருக்குக் கொடுத்த பணத்துக்குச் சரியாகக் கணக்கு வைக்கவில்லை என்ற குற்றத்தை 2010-ல் லண்டன் கோர்ட்டில் கம்பெனி ஒப்புக் கொண்டது. 2 கோடியே 95 லட்சம் பவுனை டான்சானியா மக்களுக்குக் கொடுக்கவும் சம்மதித்தது. அந்தப் பணம் 2012-ல் எதற்குப் போயிற்று தெரியுமா? பாடப்புத்தகத்துக்கும் பெஞ்சுக்கும்!

ஏழு வயது காத்திருக்குமா?

கடன் கொடுப்பவர் சொல் எப்போதும் கெடுதல் என்று எண்ண வேண்டாம். டான்சானியாவில் கருவுற்ற மாணவிகளைப் பள்ளியை விட்டு விலக்கும் வழக்கம் வெகு காலம் இருந்தது. பிள்ளை பெற்ற பிறகும் அவர்கள் சர்க்கார் பள்ளிக்குத் திரும்ப முடியாது. இந்தக் காரணத்தால் 2018-ல் 30 கோடி டாலர் கடனை உலக வங்கி நிறுத்தி வைத்தது. உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் பெண்கள் போராடினார்கள். தடை நீங்கும் முன்பே, 2020-ல், 50 கோடி டாலராக அந்தக் கடன் மஞ்சூராயிற்று. 2021 நவம்பரில், பெண் ஜனாதிபதியான சாமியா சுலுஹு ஹசனின் ஆட்சியில், தடை நீங்கிற்று.

பள்ளிக்கூடத்துக்குக் கடனா என்று முதலில் தயங்கினார்கள். பிறகு கொடுத்தார்கள். பெற்றோர் காசு கொடுக்கட்டும் என்றார்கள். பிறகு கொடுக்க வேண்டாம் என்றார்கள். நிபுணர்கள் அபிப்பிராயத்தை மாற்றிக் கொள்வது தப்பில்லை. அனுபவத்தில் படித்துக் கொள்கிறார்கள். ஆனால் 1990-ல் கட்டணம் கொடுக்க முடியாமல் வீட்டில் நின்று விட்ட ஏழு வயதுச் சிறுமியை நினைத்துப் பாருங்கள். 2001-ல் கட்டணம் ரத்தான போது அவளுக்கு வயது பதினெட்டு. இடுப்பில் ஒரு குழந்தை கூட இருந்திருக்கலாம்.

தேசம் வாங்கிய கடனுக்கு ஐம்பது வருஷத் தவணை உண்டு, தள்ளுபடியும் உண்டு. அந்தச் சிறுமி இழந்த பதினோரு வருஷத்தை எந்த வங்கியும் திருப்பித் தர முடியாது. கல்விக்குக் கடன் கொடுக்கிறவர்களும் வாங்குகிறவர்களும் பேனாவை எடுப்பதற்கு முன் அவளை ஒரு நிமிஷம் நினைத்துக் கொண்டால் நல்லது.