முந்தியது எது?

கையில் கட்டியிருக்கும் கடிகாரத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். சாதாரண பேட்டரி கடிகாரம் போதும். பின்மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு சின்ன உலோகக் குப்பி தெரியும். அதற்குள் இருப்பது குவார்ட்ஸ் படிகம், இசைக்கவை வடிவத்தில் வெட்டியது. மின்சாரம் பட்டதும் நொடிக்கு 32,768 முறை அதிரும். அதென்ன இப்படி ஒரு எண் என்று தோன்றுகிறதா? அதைப் பாதியாக்கிக்கொண்டே போங்கள்: 16,384, 8,192, 4,096... பதினைந்தாவது முறை பாதியாக்கும்போது மிச்சம் 1. பாதியாக்குவது மின்சுற்றுக்கு மிக எளிய வேலை. பதினைந்து படி இறங்கினால் நொடிக்கு ஒரு துடிப்பு கிடைத்துவிடும். அதுதான் நொடிமுள்ளைத் தள்ளுகிறது.

கணினிக்குள்ளும் இதே மாதிரி படிகம் இருக்கிறது. மின்சாரத்தை நிறுத்தினாலும் ஒரு சின்ன பேட்டரியில் அது ஓடிக்கொண்டே இருக்கும். கணினிக்குத் தெரிந்ததெல்லாம் அந்தத் துடிப்புகளை எண்ணுவது. எங்கிருந்து எண்ண வேண்டும் என்பதை நாம்தான் சொல்லித் தர வேண்டும். யூனிக்ஸ் இயங்குதளமும் அதன் வழிவந்தவையும் 1970 ஜனவரி 1, உலகப் பொது நேரப்படி நள்ளிரவு முதல் எத்தனை நொடி ஆயிற்று என்ற ஒற்றை எண்ணை வைத்துக்கொள்கின்றன. உங்கள் ஆண்ட்ராய்டு போனிலும் இதே கணக்குதான். தேதி, கிழமை, மாதம் எல்லாம் நம் கண்ணுக்குக் காட்டுவதற்காக அந்த எண்ணிலிருந்து பிரித்தெடுப்பவை.

இந்த எண்ணை 32 பிட் இடத்தில் வைத்திருந்தால் 2,147,483,647 வரைதான் போக முடியும். 2038 ஜனவரி 19, இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு அது நிரம்பிவிடும். அடுத்த நொடியில் எண் எதிர்மறையாகி, தேதி 1901 டிசம்பருக்குப் போய்விடும். 64 பிட்டுக்கு மாறிய கணினிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒருமுறை பொருத்திவிட்டு யாரும் திரும்பிப் பார்க்காத பழைய கருவிகளை நினைத்தால்தான் கவலை.

சரி, எண்ணுவது துல்லியமாக நடக்கிறதா? படிகம் சூட்டுக்கும் குளிருக்கும் கொஞ்சம் மாறும். பத்து லட்சத்தில் இருபது பங்கு பிசகினாலே ஒரு நாளைக்கு ஒன்றே முக்கால் நொடி தப்பும். எனவே எல்லாக் கணினிகளும் நம்பகமான ஒரு கடிகாரத்திடம் அடிக்கடி கேட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும். இந்தச் சங்கிலியின் உச்சியில் அணுக்கடிகாரங்கள் இருக்கின்றன. 1967 முதல் ஒரு நொடி என்பது, சீசியம் அணு வெளியிடும் ஒரு குறிப்பிட்ட கதிர்வீச்சின் 9,192,631,770 அலைவுகள். இந்திய நேரத்தை டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் இப்படிப்பட்ட கடிகாரங்களை வைத்துத்தான் காத்துவருகிறது.

ஆனால் கேட்பதிலேயே ஒரு சிக்கல். பதில் வந்து சேர்வதற்குள் நேரம் ஓடிவிடுகிறதே! அமெரிக்காவின் டேவிட் மில்ஸ் 1985-இல் இதற்கு ஒரு நெறிமுறை வகுத்துக் கொடுத்தார். அதன் கரு மிக எளியது. உங்கள் வீட்டுக் கடிகாரத்தின் மேல் சந்தேகம் வந்து, பக்கத்துத் தெருவுக்கு ஒரு பையனை அனுப்பி மணி பார்த்துவரச் சொல்கிறீர்கள் என்று வையுங்கள். வீட்டுக் கடிகாரத்தில் 9.50 ஆனபோது கிளம்பினான், 9.54 ஆனபோது வந்தான். "அங்க சரியா பத்து மணி" என்கிறான். போகவர நான்கு நிமிடம், ஆக அவன் பார்த்தது இரண்டு நிமிடத்துக்கு முன்னால். இப்போது மணி 10.02, வீட்டுக் கடிகாரம் எட்டு நிமிடம் பின்தங்கியிருக்கிறது. கணினிகளும் இந்தக் கணக்கைத்தான் மில்லிநொடியில், அதாவது நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில், போடுகின்றன. ஆனால் பையன் ஒரு நிமிடத்தில் போய்விட்டு, மூன்று நிமிடம் எடுத்துத் திரும்பியிருந்தால் உண்மையான மணி 10.03. போகிற நேரமும் வருகிற நேரமும் சமம் என்று நாம் வைத்துக்கொண்டது பொய்த்துவிட்டது, அதைக் கண்டுபிடிக்க நம்மிடம் வழியும் இல்லை. பல சர்வர்களிடம் பல முறை கேட்டு, சீக்கிரம் திரும்பிய பதில்களை அதிகம் நம்பி இந்தப் பிழையைக் குறைக்கலாம். பூஜ்யமாக்க முடியாது.

இடையில் லீப் நொடி என்று ஒன்று. பூமியின் சுழற்சி அணுக்கடிகாரத்தோடு ஒத்துப்போகாததால் 1972 முதல் 27 முறை ஒரு நொடியைச் சேர்த்தார்கள். 2012 ஜூனில் சேர்த்தபோது உலகெங்கும் பல லினக்ஸ் சர்வர்கள் திணறின. அதை 2035-க்குள் கைவிடும் திசையில் 2022-இல் நாடுகள் முடிவெடுத்தன. நல்ல முடிவு.

இப்போது விஷயத்துக்கு வருவோம். மில்லிநொடி பிசகினால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்கலாம். ஒரு வங்கிக் கணக்கைப் பாருங்கள். சம்பளம் வந்து விழுந்ததும் வீட்டுக்கடன் தவணையைத் தானாகப் பிடிக்க வேண்டும். சம்பளத்தைப் பதிவது ஒரு சர்வர், தவணையைப் பதிவது இன்னொரு சர்வர். முதல் சர்வரின் கடிகாரம் 50 மில்லிநொடி முந்தி ஓடுகிறது. சரியாகப் பத்து மணிக்கு வந்த சம்பளத்தை அது "பத்து மணி 50 மில்லிநொடி" என்று எழுதிவிட்டு, "தவணையைப் பிடி" என்று அடுத்த சர்வருக்குச் சொல்கிறது. செய்தி போய்ச்சேர 20 மில்லிநொடி. அங்கே கடிகாரம் சரி, எனவே தவணை "பத்து மணி 20 மில்லிநொடி" என்று பதிவாகிறது. இரண்டையும் நேரப்படி அடுக்கினால் தவணை முன்னால், சம்பளம் பின்னால்! இருப்பு இல்லை என்று அபராதம் விழும்.

1978-இல் கணினி அறிஞர் லெஸ்லி லாம்போர்ட் எழுதிய கட்டுரை ஒன்று இந்த முடிச்சை அவிழ்த்தது. கணினியியலில் எனக்கு இதைவிடப் பிடித்த கட்டுரை கிடையாது. இங்கே நமக்கு மணி எதற்கு, எது முந்தி எது பிந்தி என்று தெரிந்தால் போதாதா என்று அவர் யோசித்தார். ஒவ்வொரு சர்வரும் ஓர் எண்ணியை வைத்துக்கொள்ளட்டும். ஏதாவது நடந்தால் ஒன்றைக் கூட்டட்டும். செய்தி அனுப்பும்போது அந்த எண்ணையும் சேர்த்து அனுப்பட்டும். பெறுகிற சர்வர், வந்த எண், தன் எண் இரண்டில் பெரியதை எடுத்து ஒன்றைக் கூட்டிக்கொள்ளட்டும். அவ்வளவுதான் விதி.

நம் கணக்கில் போட்டுப் பாருங்கள். சம்பளம் பதிவானபோது முதல் சர்வரின் எண் 42. செய்தியோடு அதுவும் போகிறது. அடுத்த சர்வர் அதுவரை 17-இல்தான் இருந்தது. 42-ஐப் பார்த்ததும் 43-க்குத் தாவுகிறது. தவணை 44 என்று பதிவாகிறது. இனி எந்தக் கடிகாரம் எப்படி ஓடினாலும் சம்பளத்துக்கு முன்னால் தவணை வரவே முடியாது. காரணம் எப்போதும் விளைவுக்கு முன்னால் நிற்கும்.

இந்த யோசனைக்கு ஐன்ஸ்டீனின் சார்பியலில் வேர் இருக்கிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒளிகூட எட்ட முடியாத தொலைவில் இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தால், எது முந்தியது என்பது பார்ப்பவரைப் பொறுத்து மாறும். ஒளியின் இடத்தில் செய்தியை வைத்தார் லாம்போர்ட். வெவ்வேறு சர்வர்களில் நடந்து, செய்தியால் இணையாத இரண்டு நிகழ்ச்சிகளுக்கு முன்பின் என்பதே இல்லை. மூன்றாவது சர்வரில் யாரோ முகவரி மாற்றியது 5 என்று பதிவாகியிருக்கலாம். 5 சிறியது என்பதால் அது சம்பளத்துக்கு முந்தி நடந்தது என்று சொல்ல முடியாது. அவரது எண்களின் குறையும் இதுதான்: தொடர்புள்ளவை எவை, தொடர்பற்றவை எவை என்று எண்ணை மட்டும் பார்த்துப் பிரிக்க முடியாது. 1988-இல் காலின் ஃபிட்ஜும் ஃப்ரீடமன் மாட்டர்னும் தனித்தனியே இதற்கு வழி கண்டார்கள். ஒற்றை எண்ணுக்குப் பதில், சர்வருக்கு ஒன்றாக ஒரு வரிசை எண்களையே வைத்துக்கொள்வது.

செய்தியில்லாமல் தொடர்பு உண்டாகும் இடமும் இருக்கிறது. நீங்கள் ஒரு சர்வரில் பணம் போட்டுவிட்டு, நண்பரிடம் வாயால் சொல்ல, அவர் வேறொரு சர்வரில் எடுக்கிறார். நீங்கள் பேசியது எந்த எண்ணிக்கும் தெரியாது. இங்கே மறுபடியும் உண்மையான கடிகாரம் வேண்டியிருக்கிறது. கூகுள் 2012-இல் விவரித்த ஸ்பானர் தரவுத்தளம் இதற்காகத் தன் மையங்களில் ஜிபிஎஸ் கருவிகளையும் அணுக்கடிகாரங்களையும் வைத்திருக்கிறது. அங்கே மணி கேட்டால் ஒரே எண் பதிலாக வராது. "இந்த நேரத்துக்கு முந்தியிருக்காது, இந்த நேரத்துக்குப் பிந்தியிருக்காது" என்று இரண்டு எல்லைகள் வரும். 2012-இல் அந்த இடைவெளி சில மில்லிநொடிகளாக இருந்தது. ஒரு பதிவுக்கு நேரம் குறித்ததும் ஸ்பானர் அந்தச் சந்தேக இடைவெளி கடந்து போகும்வரை காத்திருந்து, குறித்த நேரம் எல்லாக் கடிகாரங்களுக்கும் உறுதியாகக் கடந்துவிட்டது என்று ஆன பிறகே "முடிந்தது" என்று பதில் சொல்கிறது.