ஷிமோன் கோல்ட்பேர்க்: முதல் நாற்காலியின் வயலின் கலைஞர்

மேனாட்டுச் சங்கீத மண்டபமொன்றிலே நூறு பேரளவிற் கூடியிருந்து வாசிக்கும் பெரிய வாத்தியக்குழுவைக் காண்போரின் கண்கள் முதலில் நாடுவது, நடுவே சிறுகோலுடன் நிற்கும் நெறியாளரையே. அவருக்கு இடப்புறமாக, வயலின் வரிசையின் முதல் நாற்காலியில் அமர்ந்திருப்பவரைக் கவனிப்போர் சிலரே. ஆயினும் குழுவின் உயிர்நாடி அவரிடத்திலே தான் உள்ளது. வாசிப்புத் தொடங்குமுன் எல்லா வாத்தியங்களையும் சுருதி சேர்க்கச் செய்பவர் அவர். வில்லை எவ்விடத்தில் மேலே தள்ளுவது, எவ்விடத்திற் கீழே இழுப்பது என்பதைத் தீர்மானிப்பவரும் அவரே. நெறியாளர் தமது மனத்தில் எண்ணியதை அவர் தம் வில்லிற் காட்டுகிறார். ஏனையோர் அவரைப் பின்பற்றுகின்றனர்.

அத்தகைய பெரும் பொறுப்பை, மீசை அரும்பும் பதினாறாவது வயதிலே ஏற்றவர் போலந்து நாட்டு வயலின் கலைஞர் ஷிமோன் கோல்ட்பேர்க். 1909ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், விஸ்துலா நதிக்கரையிலுள்ள விலொற்ஸ்லாவெக் என்னும் ஊரில் ஒரு யூதக் குடும்பத்திலே அவர் பிறந்தார். போலந்து அக்காலத்திலே தனிநாடன்று. அவருடைய ஊர் ருஷியச் சக்கரவர்த்தியின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. வார்சோ நகரில் மிஹவோவிச் என்னும் ஆசிரியரிடம் பயின்ற சிறுவன், இளம் பிராயத்திலேயே பேர்லினுக்குச் சென்று கார்ல் பிளெஷ் என்பாரிடம் மாணவனாகச் சேர்ந்தான்.

இந்தப் பிளெஷைப் பற்றிச் சிறிது கூறாமற் செல்லுதல் இயலாது. ஹங்கேரியிற் பிறந்த அவர், வயலின் வாசிப்பைக் கைவந்த வித்தையென்று விட்டுவிடாது, விரல், மணிக்கட்டு, வில், நாதம் என ஒவ்வொன்றையும் தனித்தனியே பிரித்து ஆராய்ந்தவர். பிழை எங்கே பிறக்கிறது என்பதைக் கண்டு, அதனை அங்கேயே களைவது அவரது முறை. 1926இல் அவர் வெளியிட்ட சுரவரிசைப் பயிற்சி நூலை இன்றும் உலகமெங்கும் வயலின் மாணவர் பயில்கின்றனர். போலந்திலே பிறந்த ஹென்றிக் ஷெரிங், ஈடா ஹெண்டெல் ஆகிய இருவரும் அவரிடம் பாடங் கேட்டவர்களே. பிற்காலத்திற் கோல்ட்பேர்க்கின் வாசிப்பிலே விளங்கிய தெளிவுக்கும் அடக்கத்துக்கும் வித்து அந்த வகுப்பறையில் இடப்பட்டது எனலாம்.

1924இற் பேர்லின் மேடையில் அரங்கேறிய கோல்ட்பேர்க், மறு ஆண்டிலேயே டிரெஸ்டன் பில்ஹார்மோனிக் வாத்தியக்குழுவின் முதல் நாற்காலியில் அமர்ந்தார். நரைத்த தலையினர் பலர் அந்த இளைஞரின் வில்லைப் பார்த்து வாசிக்க வேண்டியதாயிற்று. ஐந்தாண்டு செல்லுமுன், ஐரோப்பாவிலேயே தலைசிறந்ததெனக் கருதப்பட்ட பேர்லின் பில்ஹார்மோனிக் குழுவின் நெறியாளர் பூர்ட்வெங்கலர் அவரைத் தம்மிடம் அழைத்துக்கொண்டார். 1930இல், இருபது வயதளவில் அவர் எய்திய பதவி அது. அதே நகரில் வேறிரு பெருங் கலைஞருடன் அவர் மூவர் குழுவொன்றிலும் வாசித்தார். இசையமைப்பாளராகப் புகழ்பெற்ற பவுல் ஹிண்டமித் வியோலாவும், இமானுவேல் பொயர்மான் செல்லோவும் வாசித்தனர். பெருங்குழுவில் ஒருவரது சிறு பிழை மற்றவர் ஒலியில் மறையக்கூடும். மூவர் மட்டும் வாசிக்கும்போது மறைவதற்கு இடமே இல்லை.

இவ்வாறு இருபத்து மூன்று வயதில் ஒரு கலைஞன் விரும்பக்கூடிய அனைத்தும் அவருக்குக் கிட்டியிருந்தன. 1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். ஏப்ரில் மாதத்திலே யூதர்களை அரசாங்க உத்தியோகங்களிலிருந்து அகற்றும் சட்டம் பிறந்தது. பொயர்மான் தமது ஆசிரியப் பதவியை உடனே இழந்தார். பேர்லின் பில்ஹார்மோனிக் குழுவிலோ கோல்ட்பேர்க் உட்பட யூதக் கலைஞர் சிலர் இருந்தனர். நல்ல கலை, தீய கலை என்னும் பாகுபாட்டையன்றி வேறெதனையும் தாம் ஏற்பதில்லை என்ற கருத்துப்படப் பூர்ட்வெங்கலர் அமைச்சர் கெப்பெல்ஸுக்குக் கடிதம் எழுதினார். அது பத்திரிகையிலும் வெளியாயிற்று. ஆனாற் கடிதம் வெள்ளத்தைத் தடுக்கவில்லை. 1934ஆம் ஆண்டிற் கோல்ட்பேர்க் அந்த நாற்காலியையும் ஜேர்மனியையும் விட்டு நீங்கினார். பூர்ட்வெங்கலர் நாட்டைவிட்டு வெளியேறாது அங்கேயே இருந்தார். அது சரியா தவறா என்னும் விவாதம் இன்னும் ஓயவில்லை.

அவ்வாண்டு ஜனவரியில் மூவர் குழுவினர் இலண்டனிலே இசைத்தட்டுகளில் வாசித்திருந்தனர். பேத்தோவனின் செரனாட் ஒன்றும் ஹிண்டமித்தின் சொந்த ஆக்கமொன்றும் அவற்றுள் அடங்கும். அந்தத் தட்டுகளைக் கேட்போர், பிரிவின் விளிம்பிலே நின்றவர்களின் வாசிப்பு அதுவென்பதை அதன் மகிழ்ச்சியான நடையிலிருந்து ஒருகாலும் ஊகிக்கமாட்டார்கள். பொயர்மான் 1942இல் நியூயோர்க்கிலே முப்பத்தொன்பதாவது வயதிற் காலமானார். ஹிண்டமித்தும் நாசியரின் வெறுப்புக்குள்ளாகி நாட்டைவிட்டு வெளியேறினார்.

வேலை இழந்த கோல்ட்பேர்க், புடாப்பெஸ்டில் பிறந்த பியானோக் கலைஞர் லிலி கிராவுஸ் அம்மையாருடன் சேர்ந்து நாடுநாடாகச் சென்று வாசிக்கலானார். மோட்ஸார்ட்டின் சொனாட்டாக்களை அவர்கள் வாசித்த முறை தனியானது. கச்சேரியில் வயலினைப் பக்கவாத்தியமாகக் கேட்டுப் பழகியவர்களுக்கு ஒரு செய்தி சுவையாயிருக்கும். அக்காலத்து வழக்கப்படி இந்தச் சொனாட்டாக்களிலும் பியானோவே தலைமை வாத்தியமாகவும், வயலின் அதற்குத் துணையாகவும் எண்ணப்பட்டன. பிற்காலத்து வயலின் வித்துவான்கள் அதனைத் தலைகீழாக்கி, பியானோவைப் பின்னுக்குத் தள்ளினர். இவ்விருவரோ இரண்டையும் சமமான உரையாடலாக நடத்தினர். ஒன்று பேசும்போது மற்றொன்று செவிமடுத்தது.

அந்தப் பயணமே பெருந்துன்பத்திற் கொண்டுபோய் விட்டது. டச்சுக்காரரின் ஆட்சியிலிருந்த யாவாத் தீவில் அவர்கள் தங்கியிருந்தபோது, 1942 மார்ச் மாதத்தில் யப்பானியப் படை அதனைக் கைப்பற்றியது. ஹிட்லரிடமிருந்து தப்பியவர், பூமியின் மறுகோடியிலே ஹிட்லரின் நேச நாட்டவரிடம் சிறைப்பட்டார். லிலி கிராவுஸ் அம்மையாரும் சிறைவைக்கப்பட்டார். 1945இல் யுத்தம் முடிந்த பின்னரே விடுதலை கிட்டியது. முப்பத்திரண்டு வயது முதல் முப்பத்தாறு வரை, ஏனைய கலைஞர் புகழின் உச்சியை எட்டும் பருவம், கோல்ட்பேர்க்குக்குச் சிறைமுகாமிலே கழிந்தது.

விடுதலைக்குப்பின் மீண்டும் மேடையேறிய அவர், 1953இல் அமெரிக்கப் பிரசையானார். கொலராடோ மலைப்பிரதேசத்து ஆஸ்பென் நகரில் ஆசிரியராயிருந்தபோது, நால்வர் குழுவொன்றைச் சேர்ந்து அமைத்தார். அதில் செல்லோ வாசித்தவர் நிக்கொலாய் கிராவுடான். பேர்லின் குழுவிலிருந்து தாமும் வெளியேற நேர்ந்த பழைய தோழர் அவர்! வியோலாவை ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த வில்லியம் பிறிம்றோஸும், பியானோவை விக்டர் பாபினும் வாசித்தனர்.

1955இல் நெதர்லாந்துச் சிற்றரங்க வாத்தியக்குழு தோன்றியது. அதன் தலைமையைக் கோல்ட்பேர்க் ஏற்று, இருபதாண்டுகளுக்கு மேல் நடத்தினார். இங்கேதான் அவருடைய இருவகைத் திறமையும் ஒன்றுகூடின. பல வேளைகளிற் கோலை எடுக்காது, வயலினைத் தோளிற் சாய்த்தபடியே அவர் குழுவை நடத்தினார். மூச்சொன்று, தலையசைப்பொன்று, வில்லின் எழுச்சியொன்று ஆகியவையே கட்டளை. ஒவ்வொரு கலைஞரும் நெறியாளரைப் பார்த்தல் போதாது. ஒருவரையொருவர் கேட்டு வாசிக்க வேண்டும். பாஹ், ஹைடன், மோட்ஸார்ட் ஆகியோரின் சிறுகுழு இசைக்கு இம்முறை மிகவும் பொருந்தியது.

எழுபதாம் ஆண்டுகளில் ருமேனிய இளைஞர் ராடு லுப்புவுடன் அவர் மோட்ஸார்ட்டின் சொனாட்டாக்களை மீண்டும் ஒலிப்பதிவு செய்தார். லுப்பு அவரிலும் முப்பத்தாறு வயது இளையவர். அந்தப் பதிவில் மூத்தவர் இளையவரை அடக்கியதாகவோ, இளையவர் மூத்தவருக்காக ஒதுங்கியதாகவோ தோன்றாது. அதன்பின் யேல் பல்கலைக்கழகத்திலும், நியூயோர்க் ஜூலியார்டிலும், பிலடெல்பியா கேர்ட்டிஸ் இசைப்பள்ளியிலும் அவர் மாணவருக்குப் பாடஞ் சொன்னார்.

அவருடைய வாழ்வின் கடைசிப் பகுதி யாரும் எதிர்பாராதது. 1988இல் யப்பானியப் பியானோக் கலைஞர் மியோக்கோ யாமானே அம்மையாரை அவர் மணந்தார். 1990 முதல் புதிய யப்பான் பில்ஹார்மோனிக் குழுவுக்கு நெறியாளராயிருந்தார். மூன்றாண்டுக்கு மேலாகத் தம்மைச் சிறைவைத்த நாட்டிலேயே, அந்நாட்டு இளைஞருக்கு மோட்ஸார்ட்டை வாசிக்கக் கற்பித்தபடி வாழ்ந்து, 1993 ஜூலை 19ஆந் திகதி டொயாமாவில், எண்பத்து நான்காவது வயதில் இறந்தார்.

இத்தாலிய வினைஞர் குவார்னேரி தெல் ஜேசு பதினெட்டாம் நூற்றாண்டிற் செய்த வயலினொன்று அவரிடம் இருந்தது. அது மனைவியாரின் மறைவுக்குப்பின் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்கு வழங்கப்பட்டது.